நகம் நுழையாத பிஸ்கட்

கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டிருக்கும்போதே டைல்ஸ் மேஸ்திரி அந்த வீர முடிவை எடுத்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை மனைவியை வீட்டை விட்டு அனுப்பிவிட வேண்டும்.

பதறாதீர்கள். மத்தியானம் போய்ச் சாயங்காலம் திரும்பி வந்துவிடலாம். அவருக்கு அந்த இடைவெளி போதும்.

எல்லாம் அந்தப் பிஸ்கட் செய்த வேலை.

மேஸ்திரியம்மா கைபேசியில் எதையோ பார்த்துவிட்டு ஒரு புதுப் பிஸ்கட் சுட்டாள். தேங்காய்த் துருவல், பொடியாய் நறுக்கிக் காயவைத்த அன்னாசி, கெட்டியான மாம்பழக்கூழ், மேலாக எலுமிச்சைத் தோலின் சீவல். வாயில் போட்டால் ஒரு தோப்பே உள்ளே இறங்குகிற மாதிரி இருந்தது. மிச்சத்தைப் புருஷனின் சாப்பாட்டு டப்பாவில் வைத்து, "கூட வேலை செய்யறவங்களுக்கும் குடுங்க" என்று அனுப்பினாள். மேஸ்திரியும் கொடுத்தார். வாயை மூடிக்கொண்டு கொடுத்திருக்கலாம்.

கூட வேலை செய்கிறவர்கள் மூன்று பேர். எலக்ட்ரீஷியனுக்கு 'கரண்ட்டு' என்று பேர். மற்றவர்களுக்குப் பட்டப்பேர் வைப்பது அவருடைய பொழுதுபோக்கு. அவர் வைத்த பேர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பிளம்பர் ஒருநாள் திறக்கக்கூடாத வால்வைத் திறந்து, புதுவீட்டைப் பார்க்க வந்த வீட்டுச் சொந்தக்காரரைத் தலையோடு குளிப்பாட்டிவிட்டார். அன்றிலிருந்து அவர் 'அருவி'. இப்போது அவருடைய மாமியாரே, "அருவி மாப்பிள்ளை வந்திருக்காரு, துண்டு எடுத்து வைங்க" என்கிறார். பெயிண்டர் அவசரத்தில் வேறு யார் வீட்டுச் சுவருக்கோ ரெண்டு கோட் அடித்துவிட்டு வந்து, 'பக்கத்துவீடு' ஆகிப்போனார்.

கூட்டத்தில் பட்டப்பேர் விழாத ஒரே ஆள் நம் மேஸ்திரிதான். காரணம் அவருடைய வேலை. அவர் ஒட்டின ரெண்டு டைல்ஸுக்கு நடுவில் நகம் நுழையாது. நுழைத்துப் பார்த்தவர்கள் நகத்தைத்தான் இழந்திருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட மனுஷரிடம், பிஸ்கட்டைக் கடித்த கரண்ட்டு கண்ணை மூடியபடி கேட்டார்: "அடேயப்பா! யாருய்யா செஞ்சது?"

"ஏன், நான்தான்."

எங்கிருந்து வந்தது இந்த வார்த்தை? மேஸ்திரிக்கே தெரியாது. வந்துவிட்டது. ஒட்டின டைல்ஸைக்கூடத் தட்டிப் பெயர்க்கலாம், சொன்ன சொல்லை எப்படிப் பெயர்ப்பது?

"நீயா? டீ போடச் சொன்னா தண்ணியைத் தீய வைக்கிற ஆளாச்சேய்யா நீ!"

"அதெல்லாம் பழைய கதை. இதுக்குப் பேரு ட்ராபிக்கல் பிஸ்கட்."

"டிராஃபிக்கா? நடுரோட்டுலயா வச்சுச் சுட்டே?" என்றார் அருவி.

"யோவ், ட்ராபிக்கல்! வெயில் நாட்டுப் பழமெல்லாம் போட்டது. மாவு பதம்னு ஒண்ணு இருக்கு. அது கைக்குத்தான் தெரியும்."

அந்த வாரம் முழுக்க மேஸ்திரி சிங்கம் போல் நடந்தார். ஆனால் சனிக்கிழமை நெருங்கும்போது பக்கத்துவீடு சிங்கத்தின் வாலைப் பிடித்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை நாங்க மூணு பேரும் உன் வீட்டுக்கு வர்றோம். நீ சுடறதைக் கண்ணால பார்க்கணும்."

"அதுக்கென்ன, தாராளமா வாங்க!" என்றார் மேஸ்திரி. வாய்க்குத்தான் எலும்பே கிடையாதே. முதுகுத்தண்டுக்கு உண்டு, அது சில்லென்று ஆனது. கரண்ட்டு அவரையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார். துணிக்கடைக்காரர் உடம்பைப் பார்த்தே அளவு எடுப்பாரே, அந்த மாதிரி. பேர் தயாராகிக்கொண்டிருந்தது.

ஆகவேதான் கண்ணாடி முன்னால் அந்த வீர முடிவு. மேஸ்திரி சமையல்கட்டுக்குப் போனார். மனைவி பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீ ரொம்ப இளைச்சுட்டே."

மேஸ்திரியம்மா திரும்பிப் பார்த்தாள். பாப்பாவும் திரும்பிப் பார்த்தது.

"யாரு, நானா?"

"ஆமா. ஒரே வேலை, வேலை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் உங்க அக்கா வீட்டுக்குப் போய் நிம்மதியா இருந்துட்டு வாயேன். பாப்பாவையும் கூட்டிட்டுப் போ."

"போன மாசம் அக்கா வீட்டுக்குப் போறேன்னு சொன்னப்போ, 'அங்க என்ன கொட்டிக் கிடக்கு'ன்னு கேட்டீங்க?"

"அது... அப்போ கொட்டிக் கிடக்கல."

"இப்போ?"

"அக்கா, தங்கச்சி பாசம் கொட்டிக் கிடக்கும்ல!"

மேஸ்திரியம்மா பாப்பாவை இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள். "சரிங்க, போறேன்."

இவ்வளவு சுலபமாகவா? மேஸ்திரிக்கு உற்சாகம் தலைக்கேறியது. "போறதுக்கு முன்னாடி அந்தப் பிஸ்கட் மாவை மட்டும் பிசைஞ்சு வச்சுட்டுப் போ. திடீர்னு சாப்பிடணும்போல இருக்கு. நானே சுட்டுக்கறேன்."

"எத்தனை பேருக்குங்க?"

"எனக்கு மட்டும்தான்."

"அப்போ கொஞ்சமாப் பிசையறேன்."

"நிறையவே பிசை! எனக்கு... எனக்கு நல்ல பசி."

"ஞாயித்துக்கிழமை பசிக்கப் போறது வெள்ளிக்கிழமையே தெரிஞ்சுபோச்சா? நல்ல வயிறுங்க உங்களுது."

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது மேஸ்திரி சுதாரித்திருப்பார்.

ஞாயிறு வந்தது. மேஸ்திரியம்மா ஒரு பெரிய பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாப்பாவுக்குத் தொப்பி போட்டு, "ஓவன் சூடா இருக்கும், வெறுங்கையால தொட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். தெருமுனை திரும்பும்வரை மேஸ்திரி கையாட்டினார். திரும்பியதும் ஒரு துள்ளுத் துள்ளிக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தார்.

பால் இருந்தது. தக்காளி இருந்தது. பாப்பாவின் மருந்து இருந்தது. மாவு இல்லை.

மேல்தட்டு, கீழ்த்தட்டு, காய்கறிப் பெட்டி எல்லாம் பார்த்தார். இல்லை. வாசலில் பைக் சத்தம். ஒன்று. இரண்டு. மூன்று.

"மேஸ்திரி! அடுப்பு பத்த வச்சாச்சா?"

"உக்காருங்க, உக்காருங்க, தோ வந்துட்டேன்!" மேஸ்திரி படுக்கையறைக்குள் பாய்ந்து, கதவைச் சாத்தி, அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு மனைவிக்கு ஃபோன் போட்டார்.

"மாவு எங்கம்மா?"

"ஏங்க குசுகுசுன்னு பேசறீங்க?"

"தொண்டை கட்டிக்கிச்சு. மாவு எங்க?"

"பிசைஞ்சு வச்சா சுவை குறைஞ்சுடும்ங்க. அதான் எல்லாத்தையும் அளந்து மேடையில வரிசையா மூடி வச்சிருக்கேன். இடது கைப்பக்கத்துல இருந்து ஆரம்பிங்க. முதல்ல வெண்ணெயையும் சர்க்கரையையும் நல்லா நுரைக்க விடணும். அப்புறம் கூழு. அப்புறம் மாவு. கடைசியில தேங்காயும் அன்னாசியும். நீங்க பாக்காத கலவையா?"

"நான் கலக்கறது சிமெண்ட்டும்மா!"

"அதே கைதானேங்க?"

வைத்துவிட்டாள். பின்னால் பல பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. அக்கா வீட்டில் அவ்வளவு பேரா? அதை யோசிக்க மேஸ்திரிக்கு ஏது நேரம்?

சமையல்கட்டில் மூன்று பேரும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மேடையில் கிண்ணங்கள் வரிசையாய், ஒவ்வொன்றின் மேலும் ஒரு தட்டு மூடி. ஓவன் திருகில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி. அது வரைக்கும் திருக வேண்டும் என்று குழந்தைக்குக்கூடப் புரியும். மேஸ்திரி மூச்சை இழுத்துவிட்டார். முதல் கிண்ணத்தைத் திறந்தார்.

வெண்ணெயும் சர்க்கரையும் சேர்த்துக் கரண்டியைப் போட்டார். ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில் ஒரு அதிசயம் நடந்தது. மேஸ்திரியின் கை அந்தக் கலவையை அடையாளம் கண்டுகொண்டது! அட, இது நம்ம ஒட்டுக்கலவை மாதிரியே இருக்கே! அடியிலிருந்து வழித்து மேலே கொண்டு வா. கட்டி விழ விடாதே. கரண்டியைத் தூக்கினால் தொங்க வேண்டும், சொட்டக்கூடாது. மேஸ்திரியின் தோள் நிமிர்ந்தது.

"பாருங்கய்யா," என்றார். இப்போது குரலில் தொண்டைக்கட்டு இல்லை. "இதைக் கலந்துட்டு உடனே போடக்கூடாது. கொஞ்சம் ஆற விட்டு, மறுபடி ஒரு கிண்டு கிண்டணும்."

"ஏன்?"

"பிடிமானம்."

"பிஸ்கட்டுக்கு என்னய்யா பிடிமானம்? சுவத்துலயா ஒட்டப்போறே?"

"ருசிக்குப் பிடிமானம் வேணாமா?"

மாம்பழக்கூழ் உள்ளே போனதும் வாசனை எழுந்தது. அருவி நாற்காலியை முன்னால் இழுத்தார். தேங்காய் விழுந்தது, அன்னாசி விழுந்தது. பக்கத்துவீடு எழுந்தே நின்றுவிட்டார். மேஸ்திரிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை நாள் இந்த வித்தையைத் தனக்குள் வைத்துக்கொண்டு தரையில் அல்லவா தவழ்ந்துகொண்டிருந்தார்!

அடுத்து ட்ரேயில் அடுக்க வேண்டும். மாவை உருட்டிச் சதுரமாய்த் தட்டினார். முதல் பிஸ்கட்டை மூலையில் வைத்தார். இரண்டாவதை அதை ஒட்டி வைத்தார். மூன்றாவதை வைத்து, சுண்டுவிரலால் லேசாகத் தட்டி நெருக்கினார். கண்ணை ட்ரே மட்டத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"கொஞ்சம் இடம் விட்டு வைக்கணுமோ?" என்றார் அருவி, சந்தேகமாய்.

மேஸ்திரி அவரைப் பார்த்த பார்வையில் ஒரு பரம்பரையே அவமானப்பட்டிருக்கும். "இடமா? யோவ், என் வேலையில எப்பய்யா இடம் இருந்திருக்கு? நுழைச்சுப் பாரு உன் நகத்தை!"

அருவி நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. ட்ரே முழுக்க ஒரு குட்டி வரவேற்பறை மாதிரி பளிச்சென்று இருந்தது. பார்டர் மட்டும்தான் குறை.

ட்ரே உள்ளே போனது. நான்கு பேரும் ஓவன் கண்ணாடி முன்னால், கிரிக்கெட்டில் கடைசிப் பந்து பார்க்கிற மாதிரி, தோளோடு தோள் உரசிக் குந்தினார்கள்.

"உப்புதுய்யா!"

"நிறம் வருது, நிறம் வருது!"

"மேஸ்திரி," என்றார் பக்கத்துவீடு மெதுவாக. "எல்லாம் ஒண்ணாச் சேருதே?"

மேஸ்திரி கண்ணாடியில் மூக்கை ஒட்டினார். வெண்ணெய் இளகி, பிஸ்கட்கள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து, கல்யாணமாகி, கூட்டுக்குடும்பம் ஆகிக்கொண்டிருந்தன. அவர் கண் முன்னாலேயே கோடுகள் எல்லாம் மறைந்தன. ட்ரேயில் இப்போது ஒரே ஒரு பிஸ்கட் இருந்தது. ட்ரே அளவுக்கு.

இப்படிச் சூட்டில் இளகி விரிகிற பொருளைத் தன் வாழ்க்கையில் அவர் ஒட்டினதே இல்லை. டைல்ஸ் அப்படியே கிடக்கும். வைத்த இடத்தில் கிடக்கும். அதுதான் டைல்ஸின் நல்ல குணம்.

கரண்ட்டு மெல்ல எழுந்து நின்றார். நாற்காலியில் சாய்ந்தார். மோவாயைத் தடவினார். உதடு ஏதோ ஒரு பேரைச் சப்தமில்லாமல் சொல்லிப் பார்த்தது.

"சேரட்டும்!" என்று கத்தினார் மேஸ்திரி. "சேரணும்யா! அதுதானே டிசைன்!"

"டிசைனா?"

"பின்னே? தனித்தனியா யாரு வேணாலும் சுடலாம். ஒண்ணாச் சுட்டு, சூட்டோட அறுக்கணும்!"

இது வாயிலிருந்து வந்த பிறகுதான் மேஸ்திரிக்கே யோசனையாகத் தோன்றியது. துணியைச் சுற்றி ட்ரேயை வெளியே இழுத்தார். அறைக்குள் ஓடினார். இன்னும் உறை பிரிக்காத கோணம் பார்க்கிற புது மூலைமட்டமும் இரும்பு அளவுகோலும் எடுத்துவந்து, சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீர் ஊற்றித் துடைத்தார். கத்தியைப் பிடித்தார். இனிமேல் அது சமையல்கட்டு இல்லை. அவர் வேலை செய்கிற இடம். ஓரத்தை நேராக்கினார். நடுவிலிருந்து கோடு பிடித்தார். சதுரம் வேண்டாம், சாய்சதுரம்! பணக்கார வீட்டு ஹாலுக்குத்தான் அப்படிப் போடுவது. சர், சர் என்று கத்தி இறங்க, பொன்னிறத்தில் நட்சத்திரம் வெட்டின மாதிரி வரிசை வரிசையாய்த் துண்டுகள் பிரிந்தன. ஓரத்தில் நறுக்கித் தள்ளினதைப் பக்கத்துவீடு தரையில் விழவே விடவில்லை.

ஆறும்வரை யாரும் பொறுக்கவில்லை. ஆளுக்கொன்று எடுத்துக் கடித்தார்கள்.

மேல் மொறுமொறுவென்று இருந்தது. உள்ளே மெத்தென்று மாம்பழம். அருவி இன்னொன்று எடுத்தார். பக்கத்துவீடு ரெண்டு கையிலும் எடுத்தார். கரண்ட்டு மென்றார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். அப்புறம் கையை நீட்டி மேஸ்திரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"ஒத்துக்கறேன்யா. உனக்குப் பேரு வைக்க எனக்கு யோக்கியதை இல்ல."

மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயித்தாச்சு! பொய் உண்மையாகிவிட்டது! இனி மனைவி வருவதற்குள் இவர்களை அனுப்பிவிட்டால்...

வாசலில் பேச்சுச் சத்தம்.

மேஸ்திரியம்மா உள்ளே வந்தாள். பின்னாலேயே கரண்ட்டின் மனைவி, அருவியின் மனைவி, பக்கத்துவீட்டின் மனைவி. நாலு பேருக்கும் முகம் சிவந்து, நெற்றியில் வியர்வை. நாலு பேர் காலிலும் கேன்வாஸ் ஷூ. அக்கா வீட்டுக்குப் போனவளுக்கு எதற்கு ஷூ? மேஸ்திரிக்கு வாயில் இருந்த பிஸ்கட் உள்ளே போகவில்லை.

"வாங்கண்ணா, எல்லாரும் எப்போ வந்தீங்க?" என்று விசாரித்தபடியே மேஸ்திரியம்மா ஒரு துண்டை எடுத்துக் கடித்தாள். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான். ஒரே ஒரு வார்த்தை போதும். 'இதை எங்க கத்துக்கிட்டீங்க' என்று கேட்டால் முடிந்தது கதை.

"அப்பா! என்ன பக்குவம்!" என்றாள் மேஸ்திரியம்மா. "எப்பவுமே இவர் கைப்பட்டாத்தான் இந்த ருசி வரும். நான் கிட்டவே போறதில்ல."

மேஸ்திரி கண்ணைத் திறந்தார். தெய்வமே! இவளல்லவா மனைவி! மானத்தைக் காப்பாற்றிவிட்டாளே!

"நான் சொல்லல?" என்று தன் புருஷனைப் பார்த்தாள் அருவியின் மனைவி. "நீங்க வந்து கதை கதையாச் சொன்ன அன்னைக்கே இந்த அக்காகிட்ட ஃபோன் பண்ணிக் கேட்டேன், 'அண்ணன்தான் பிஸ்கட் செஞ்சாராமே'ன்னு. அக்கா ஒரு நிமிஷம் பேச்சே வராம நின்னுட்டாங்க."

"சந்தோஷத்துலம்மா, சந்தோஷத்துல," என்றாள் மேஸ்திரியம்மா.

அன்றைக்கே தெரியுமா! மேஸ்திரி மேடையைப் பார்த்தார். அளந்து வைத்த கிண்ணங்கள். நறுக்கி வைத்த அன்னாசி. சிவப்புப் புள்ளி. தான் தோற்கக்கூடாது என்று யாரோ எவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்! ஏன்? ஏன் ஜெயிக்க வைத்தாள்?

"ஒரு சேதி," என்றாள் மேஸ்திரியம்மா, ஷூவின் கயிற்றை அவிழ்த்தபடி. "நாங்க எறிபந்துக் குழு ஆரம்பிச்சிருக்கோம். இன்னைக்குத்தான் முதல் நாள். பிள்ளைங்களை எங்க அக்கா பாத்துக்கறா. ஆனா ஒவ்வொரு வாரமும் அவளால முடியாதில்ல? அதான் நாங்க நாலு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம். இனிமே ஞாயித்துக்கிழமை மத்தியானம் பிள்ளைங்க எல்லாம் நம்ம வீட்டுல. பிஸ்கட் சுடற வீட்டுல எந்தப் பிள்ளை அழும்?"

"இவங்களும் இங்கயே இருந்து அண்ணன்கிட்டக் கத்துக்கட்டும்," என்றாள் கரண்ட்டின் மனைவி. "அண்ணன் தங்கமா அடுப்படியில நிக்கறாரு. நம்ம வீட்டுலயும் ஒண்ணு இருக்கே!"

"ஞாயித்துக்கிழமை நாங்க கேரம் ஆடறது..." என்று இழுத்தார் கரண்ட்டு.

"என்னது?"

"ஒண்ணுமில்ல."

மூன்று புருஷர்களும் ஒரே சமயத்தில் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று நிமிஷத்துக்கு முன்னால் மெச்சின அதே கண்கள்தான். இப்போது அவற்றில் பாசம் கொஞ்சமும் இல்லை.

மேஸ்திரி மனைவியை மெல்ல ஒதுக்கி, சிங்க் பக்கம் கூட்டிப்போனார். "ஏம்மா, இது எனக்கு முடியாதும்மா!"

"அவ்வளவுதானே? முடியாதுன்னு சொல்லிடுங்களேன்," என்றாள் அவள் பரிவாக. "எல்லாரும் இங்கதான் இருக்காங்க. ஏன் முடியாதுங்கறதையும் சேர்த்தே சொல்லிடுங்க. கேட்டா நான் மறைக்க மாட்டேன்."

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். கரண்ட்டு மோவாயில் கை வைத்து இவர்களையே கவனித்துக்கொண்டிருந்தார்.

மேஸ்திரி தொண்டையைச் செருமினார். நெஞ்சை நிமிர்த்தினார். வீட்டுத் தலைவன் என்கிற கம்பீரம் சற்றும் குறையாமல், எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்:

"பாப்பாவுக்குப் பால் எத்தனை மணிக்குக் குடுக்கணும்?"